அட்டையில் இருக்கும் ஒரு வரி

கதவில் தபால் போடுவதற்கென்றே ஒரு பிளவு வைத்திருக்கும் நாடு பிரிட்டன். 2024 ஜூனில் அந்தப் பிளவு வழியாக விழுந்த வாக்குப்பதிவு அறிவிப்பு அட்டையை, விசாவில் இருக்கும் நம்மவர்களில் எத்தனையோ பேர் "ஏதோ தப்பாக வந்திருக்கிறது" என்று ஓரமாக வைத்துவிட்டார்கள். பெயர் சரியாகத்தான் இருந்தது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் கடன் வாங்கும் தகுதி கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, இணையத்தில் ஐந்து நிமிடத்தில் பதிந்து வைத்திருப்பார்கள். அதற்கு இப்படி ஒரு பலன் உண்டென்று தெரிந்திருக்காது.

தப்பாக ஒன்றும் வரவில்லை. இந்தியா, இலங்கை போன்ற காமன்வெல்த் நாட்டுக் குடியுரிமை, 18 வயது, இங்கே தங்குவதற்கான செல்லுபடியாகும் அனுமதி. இந்த மூன்றும் இருந்தால் பிரிட்டன் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். நேற்று வந்த மாணவருக்கும் உண்டு, முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்கு வந்தவருக்கும் உண்டு. அதே ஆண்டு ஏப்ரல் 19-ல் தமிழ்நாடு வாக்களித்தபோது, லண்டனில் இருந்த இந்தியக் குடிமகனுக்கு இங்கிருந்தபடி வாக்களிக்க வழியில்லை; விமானம் ஏறி ஊர்ச் சாவடிக்கே போயிருக்க வேண்டும். ஜூன் 4-ல் ஊர் முடிவுகளை அலைபேசியில் பார்த்துப் படபடத்தவர்களுக்கு, சரியாக ஒரு மாதம் கழித்து ஜூலை 4-ல், பிறக்காத ஊரில் வாக்கு இருந்தது.

மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் அந்த வாக்குச்சாவடியில் காட்ட வேண்டிய அடையாள அட்டையில் ஒரு வரி இருந்தது. விசாக்காரர்களுக்கு அப்போது கொடுத்திருந்த ரெசிடென்ஸ் பெர்மிட் அட்டையில், குறிப்பு என்ற இடத்தில், 'நோ பப்ளிக் ஃபண்ட்ஸ்' என்று அச்சடித்திருக்கும். அரசின் உதவித்தொகை எதையும் நீ தொடக்கூடாது என்று பொருள். புகைப்பட அடையாளம் கட்டாயமான பிறகு நடந்த முதல் பொதுத்தேர்தல் அது. உதவித்தொகை யாருக்கு, எவ்வளவு என்று முடிவு செய்யும் தேர்தலில், 'உனக்கு இல்லை' என்று எழுதிய அட்டையை நீட்டித்தான் வாக்குச்சீட்டு வாங்கினோம். குத்தியது அந்த இடம்தான்.

சாவடி நடைமுறையை முதலில் சொல்லிவிடலாம், அடுத்த முறைக்கு உதவும். காலை 7 மணி முதல் இரவு 10 வரை திறந்திருக்கும். பள்ளிக்கூடம், தேவாலயக் கூடம், சில இடங்களில் மதுக்கடையின் பின்னறைகூட வாக்குச்சாவடியாகும். வாசலில் கட்சி நிற ரிப்பன்பூ குத்திக்கொண்டு நிற்பவர் உங்கள் வாக்காளர் எண்ணைக் கேட்பார். அவர் அரசு ஊழியர் இல்லை, கட்சிக்காரர். சொல்ல வேண்டிய கட்டாயம் கிடையாது. உள்ளே இந்திய, இலங்கை பாஸ்போர்ட் செல்லும். காலாவதியாகி இருந்தாலும் படத்தில் முகம் அடையாளம் தெரிந்தால் போதும். பிரிட்டன் ஓட்டுநர் உரிமம் செல்லும். பல்கலைக்கழக அட்டை செல்லாது. லண்டனில் 60 வயது தாண்டியவரின் ஆய்ஸ்டர் பயண அட்டை செல்லும். மாணவரின் ஆய்ஸ்டர் அட்டை செல்லாது. இந்தப் பாகுபாட்டுக்கு எந்த நியாயமும் எனக்குப் படவில்லை. எதுவுமே கையில் இல்லையென்றால் வாக்காளர் சான்றிதழ் ஒன்றை இலவசமாக வாங்கலாம், வாக்குப்பதிவுக்கு ஆறு வேலைநாள் முன்பு மாலை 5 மணிக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும். ரெசிடென்ஸ் பெர்மிட் அட்டைகள் இப்போது வழக்கொழிந்து எல்லாம் இணையத்தில் மட்டும் இருக்கும் இ-விசா ஆகிவிட்டது. அலைபேசித் திரையில் அதைக் காட்டினால் ஏற்கமாட்டார்கள், பாஸ்போர்ட்டைக் கையோடு எடுத்துப் போக வேண்டும்.

நம் பெயர்கள்தான் சிக்கல் செய்யும். அப்பா பெயர் எங்கே, தன் பெயர் எங்கே என்று நமக்கே ஒவ்வொரு படிவத்திலும் குழப்பம். பாஸ்போர்ட்டில் முழுநீளமாக இருக்கும் அப்பா பெயர், பதிவில் ஒற்றை இனிஷியலாகச் சுருங்கியிருக்கும். சின்ன வேறுபாட்டைச் சாவடி அலுவலர் விட்டுவிடுவார். ஆளே வேறோ என்று தோன்றும் அளவுக்கு இருந்தால் கேள்வி வரும். பதியும்போதே பாஸ்போர்ட்டில் உள்ள வரிசைப்படி, எழுத்து மாறாமல் பதிந்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

பிறகு ஒரு காகிதமும், நூலில் கட்டிய பென்சிலும். வேட்பாளர்கள் குடும்பப் பெயரின் அகரவரிசையில் இருப்பார்கள். ஒருவருக்கு நேராகப் பெருக்கல் குறி போட்டு, மடித்து, பெட்டியில் போட வேண்டும். கையெழுத்துப் போட்டால் வாக்கு செல்லாது. அவ்வளவுதான். பீப் சத்தம் இல்லை, விரலில் மை இல்லை.

அந்த மை இல்லாததுதான் என்னவோ போல இருக்கும். இந்த ஊர் பழகிவிட்டது, மைக் கட்டிய ஆட்டோ இல்லாத தேர்தலும் பழகிவிட்டது என்று நாம் சொல்லிக்கொள்வோம். கட்சியின் பெயரை எழுதி முன்கூட்டியே பிடித்து வைத்த சுவர், பூத் சிலிப் கொடுக்கும் மேசை, பள்ளிக்கூட வராந்தாவில் பெண்கள் வரிசை தனியாக, வெளியே வந்ததும் இடது ஆள்காட்டி விரலை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வது. லண்டனில் சாவடியை விட்டு வெளியே வந்தவரின் கண் தன்னையறியாமல் விரலுக்குத்தான் போகும். அங்கே வாசலில் யாரோ கட்டிப்போட்டுவிட்டுப் போன நாய், எசமானர் வாக்களித்துவிட்டு வரும்வரை பொறுமையாக உட்கார்ந்திருக்கும். வாக்குப்பதிவு நாளில் சாவடி நாய்களின் படத்தைப் பகிர்வது இவர்களுக்கு ஒரு திருவிழா.

இலவசம் என்ற சொல்லுக்கு இங்கே முகம் வேறு. நம்மூரில் 2006-ல் வண்ணத் தொலைக்காட்சி, 2011-ல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி என்று பொருளாக வாக்குறுதி வரும். பிரிட்டனில் எல்லாம் வாரக் கணக்கிலும் மாதக் கணக்கிலும் பவுண்டாக வரும். 2024-25-ல் முழு அரசு ஓய்வூதியம் வாரம் 221.20 பவுண்டு. விலைவாசி, சம்பள உயர்வு, 2.5 சதவீதம் என்ற மூன்றில் எது அதிகமோ அந்த அளவுக்கு ஆண்டுதோறும் அது ஏறும். அதை 'டிரிபிள் லாக்' என்பார்கள். 2010 கூட்டணி ஆட்சியில் வந்தது. 2024 தேர்தலில் லேபர், கன்சர்வேட்டிவ் என்ற பெரிய கட்சிகள் இரண்டுமே அதைத் தொடமாட்டோம் என்று உறுதியளித்தன. வேலை வயதினருக்கான உதவியில்தான் சண்டை. கன்சர்வேட்டிவ் ஆண்டுக்கு 12 பில்லியன் பவுண்டு மிச்சம்பிடிப்போம் என்றது. வேலையில்லாதவருக்கும் வருமானம் குறைந்தவருக்கும் தரும் யூனிவர்சல் கிரெடிட் என்ற உதவித்தொகையில் 25 வயது தாண்டிய தனி ஆளுக்கு அப்போது மாதம் 393.45 பவுண்டு, முதல் பணம் கைக்கு வர ஐந்து வாரம். நடுவில் முன்பணம் வாங்கினால் அது கடன். பின்னால் மாதாமாதம் கழித்துக்கொள்வார்கள்.

அந்த ஐந்து வாரத்தின் வலி, அகதித் தகுதி கிடைத்த நம் பிள்ளைகளுக்குத்தான் நன்றாகத் தெரியும். தஞ்சக் கோரிக்கை நிலுவையில் இருக்கும்வரை, தானே சமைத்துச் சாப்பிடும் இடத்தில் இருப்பவருக்கு 2024-ல் வாரம் 49.18 பவுண்டு, சாப்பாடு தரும் ஓட்டலில் வைத்திருந்தால் 8.86 பவுண்டு. அகதி என்று ஏற்றுக்கொண்டதும் அந்த உதவியும் இடமும் அப்போது 28 நாளில் நின்றுவிடும். யூனிவர்சல் கிரெடிட் வர 35 நாள். நல்ல செய்தி வந்த நாளில் விண்ணப்பித்தாலும் ஒரு வாரம் துண்டு விழும். வங்கிக் கணக்கு திறக்கத் தாமதமானால் இன்னும் இழுக்கும். வீதியில் படுக்க நேர்வது இந்த இடைவெளியில்தான்.

அந்தத் தேர்தலில் அதிகம் அடிபட்டது இரண்டு பிள்ளை வரம்பு. 2017 ஏப்ரல் 6 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த மூன்றாவது பிள்ளைக்கு யூனிவர்சல் கிரெடிட்டில் அப்போது பணம் கிடையாது. பிள்ளைக்கு 2024-25-ல் மாதம் 287.92 பவுண்டு என்றால், மூன்றாவதற்குச் சுழியம். லிபரல் டெமாக்ரட், பசுமைக் கட்சி, ஸ்காட்லாந்து தேசியக் கட்சி எல்லாம் நீக்குவோம் என்றன. லேபர் வாக்குறுதி தரவில்லை. 33.7 சதவீத வாக்கில் 411 இடங்களைப் பிடித்து ஆட்சிக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகாத ஜூலை 23-ல், வரம்பை நீக்கச் சொல்லி வாக்களித்த தன் சொந்த எம்.பி.க்கள் ஏழு பேரைக் கட்சியின் நாடாளுமன்றக் குழுவிலிருந்து இடைநீக்கம் செய்தது. பிறகு 2025 நவம்பர் பட்ஜெட்டில், 2026 ஏப்ரல் முதல் வரம்பை எடுக்கிறோம் என்று அந்த அரசே அறிவித்தது. நல்லது. ஆனால் அந்த விவாதம் முழுக்க மூன்றாவது பிள்ளை, மூன்றாவது பிள்ளை என்றே பேசினார்கள். வேலை விசாக் குடும்பத்தில் முதல் பிள்ளைக்கே ஒன்றும் கிடையாது என்பதை மேடையில் சொன்னவர் அரிது.

அந்த ஒரு வரிக்குத்தான் திரும்பி வர வேண்டியிருக்கிறது. 1999-ம் ஆண்டின் குடிவரவு, தஞ்சச் சட்டத்தின் 115-வது பிரிவு அது. வருமான வரி கட்டுகிறோம், நேஷனல் இன்ஷூரன்ஸ் என்று சம்பளத்தில் பிடிக்கும் சமூகக் காப்புத் தொகை கட்டுகிறோம், 2024 பிப்ரவரி முதல் வேலை விசாவில் பெரியவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு மருத்துவ மேல்வரியும் முன்கூட்டியே கட்டுகிறோம். பராமரிப்பு, மருத்துவப் பணி விசாவுக்கு அந்த மேல்வரி இல்லை. எல்லாம் கட்டிய பிறகும் யூனிவர்சல் கிரெடிட், பிள்ளை வளர்க்கத் தரும் சைல்டு பெனிஃபிட், வீட்டு வாடகை உதவி, மாற்றுத்திறனாளி உதவி எதுவும் இல்லை. இதைவிட மோசம், எது கூடாது என்ற பயத்தில் உரிமையுள்ளதையும் நம்மவர்கள் விட்டுவிடுவது. மகப்பேறு ஊதியம் இந்தத் தடைக்குள் வராது: 39 வாரம், முதல் 6 வாரம் சம்பளத்தில் 90 சதவீதம், அதன்பின் 2024-25 கணக்கில் வாரம் அதிகபட்சம் 184.03 பவுண்டு. நோய் விடுப்பு ஊதியமும் வராது. அரசுப் பள்ளி, என்.எச்.எஸ். மருத்துவம், நேஷனல் இன்ஷூரன்ஸ் கட்டிச் சேர்த்த அரசு ஓய்வூதியம் எதுவும் தடையில் இல்லை.

வீட்டுக்காக உள்ளாட்சிக்குக் கட்டும் கவுன்சில் டாக்ஸில்தான் கால் இடறும். தனியாக இருப்பவருக்கு 25 சதவீத டிஸ்கவுன்ட் உண்டு, அதைத் தாராளமாக வாங்கலாம். வருமானம் குறைந்தவருக்கு ரிடக்‌ஷன் என்று வேறொன்று உண்டு. அது பப்ளிக் ஃபண்ட்ஸ். இரண்டுமே தமிழில் தள்ளுபடிதான். கவுன்சில் இணையதளத்தில் அடுத்தடுத்த சுட்டியாக இருக்கும். மாற்றி விண்ணப்பித்துப் பணம் கழிந்துவிட்டால் விசா நிபந்தனையை மீறியதாகும். நிரந்தர வசிப்புரிமை கேட்கும்போது அது எதிரே வந்து நிற்கும். இன்னொன்று: பிள்ளைக்குப் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருக்கிறதே, சைல்டு பெனிஃபிட் கேட்கலாம் என்பார்கள். கேட்பவர் பெற்றோர், பிள்ளை அல்ல. பெற்றோரின் விசாவில் அந்த வரி இருந்தால் கேட்கக்கூடாது.

பாரிஸிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் பிரெக்சிட்டுக்கு முன் லண்டனுக்கும் லெஸ்டருக்கும் வந்து குடியேறிய ஈழத்தமிழர்களின் நிலை இதற்கு நேர்த் தலைகீழ். பிரெஞ்சு பாஸ்போர்ட்டும், பிரெக்சிட்டுக்குப் பின் ஐரோப்பியருக்குத் தந்த நிரந்தர வசிப்புரிமையான செட்டில்டு ஸ்டேட்டஸும் உள்ள அண்ணன் யூனிவர்சல் கிரெடிட் கேட்கலாம், ஆனால் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்கு இல்லை. ஐரோப்பியர்களில் அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ்காரர்களுக்கு மட்டுமே அது உண்டு. இலங்கைக் குடியுரிமையை விடாமல் வைத்திருந்தால் அண்ணனுக்கும் உண்டு. அதே வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருக்கும் தஞ்சாவூர் மாணவருக்கு வாக்கு உண்டு, உதவி இல்லை. ஒரே சமையலறை, இரண்டு அரைக் குடிமக்கள். அந்தத் தேர்தலில் கிழக்கு லண்டனின் ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போ தொகுதியில் ஈழத்தமிழ் வம்சாவளியினரான உமா குமரன் வென்று நாடாளுமன்றம் போனபோது இரு தரப்பும் சேர்ந்துதான் மகிழ்ந்தது.

வேலை விசாவில் ஐந்து ஆண்டு முடிந்து நிரந்தர வசிப்புரிமை கிடைத்தால் அந்த வரி போய்விடும் என்பதுதான் நாள் எண்ணுபவர்களின் கணக்கு. 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் அரசு அதைப் பொதுவாகப் பத்து ஆண்டாக்க முன்மொழிந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ரிஃபார்ம் கட்சி, நிரந்தர வசிப்புரிமையையே ஒழிப்போம் என்றது. அடுத்த பொதுத்தேர்தல் 2029 ஆகஸ்ட் நடுவுக்குள் வந்தாக வேண்டும். 2024-ல் வந்தவர் அப்போதும் அந்த வரியோடுதான் இருக்கலாம். வாக்கு மட்டும் கையில் இருக்கும், பட்டியலில் பெயர் இருந்தால். வாடகை வீடு மாறும்போது கேஸ், கரண்ட், கவுன்சில் டாக்ஸ் மூன்றுக்கும் முகவரி மாற்றுகிறோம். வாக்காளர் பதிவு தானாகக் கூட வராது, புது முகவரியில் மறுபடி பதிய வேண்டும். நேஷனல் இன்ஷூரன்ஸ் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டால் ஐந்து நிமிட வேலை.