தொய்ந்த முள்கம்பியை இழுத்துக் கட்டுதல்

முள்கம்பி வேலி தொய்ந்துவிட்டால் நாம் உடனே குறடைத் தேடுகிறோம். ஆனால் முதலில் ஆட்டிப் பார்க்க வேண்டியது மூலைத்தூணைத்தான். அது உள்பக்கம் சாய்ந்திருந்தால், முட்டுக்கால் கொடுத்து நிமிர்த்தாமல் கம்பியை எவ்வளவு இழுத்தாலும் தூண் மேலும் சாயுமே தவிர, வேலி விறைக்காது.

சிறிய தொய்வுக்கு, இரண்டு முட்களுக்கு இடையே கம்பியைக் குறடால் பிடித்துச் சற்றே நெளித்துவிட்டால் போதும். தொய்வு அதிகமென்றால், இடைத்தூண்களின் கட்டுகளைத் தளர்த்தி, கம்பி இழுப்பானால் இருபுறமும் பிடித்துக்கொண்டு நடுவில் வெட்டி, ஒரு திசையில் மட்டும் சுழலும் பல்சக்கரக் கருவியான ராட்செட் இறுக்கியைப் பொருத்துவதையே நான் விரும்புகிறேன். ஒரு முனையை அதன் சட்டத்தில் கட்டி, மறுமுனையை உருளைத் துளையில் நுழைத்துத் திருகினால், பல் ஒவ்வொன்றாக 'டக், டக்' என ஏற ஏற, தொங்கிய கம்பி மெல்ல நிமிர்ந்து நேராகும்.

துருவேறிய பழைய கம்பியை இப்படி இழுக்கவே கூடாது. அது அறுந்தால் சுருண்டு முகத்தை நோக்கிப் பாயும். தடித்த தோல் கையுறையும் கண்ணாடியும் அணிந்து, கம்பிக்கு நேராக நில்லாமல் விலகி நில்லுங்கள். உச்சிவெயிலில் முழு விறைப்பாக முறுக்காதீர்கள். குளிரில் கம்பி சுருங்கி, இழுவிசை மேலும் கூடும்.