அபைடோஸ்: ஒசிரிஸ் எழுந்தருளிய பாதை

எகிப்தில் லக்சர் நகரத்திலிருந்து விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டோம். வடக்கே ஏறக்குறைய 160 கிலோமீட்டர். பழைய எகிப்தியர்களுக்கு அபைடோஸ்தான் பெரிய க்ஷேத்திரம். தம்பி சேத் வெட்டிப் போட்ட ஒசிரிஸ் சாமியின் உடலை அவர் மனைவி ஐசிஸ் துண்டு துண்டாகத் தேடிச் சேர்த்தாள் என்பது கதை, அதில் தலை இந்த மண்ணில் இருப்பதாக அவர்கள் நம்பினார்கள். செத்துப் பிழைத்த சாமி என்பதால் சாவைக் கண்டு பயந்த எல்லாருக்கும் அவர் வேண்டியவராக இருந்திருக்கிறார்.

இப்போது நிற்பது முதலாம் சேத்தி மன்னர் கட்டிய கோயில், 3,200 வருஷத்துக்கு மேல் ஆகிறது. மன்னரின் பெயரிலேயே சேத் இருக்கிறான், அண்ணனைக் கொன்ற அதே சேத். அதனால் இந்தக் கோயில் சுவர்களில் தன் பெயரை எழுதும்போது சேத்தின் உருவத்தை விட்டுவிட்டு, அந்த இடத்தில் ஒசிரிஸின் உருவத்தைப் போட வைத்திருக்கிறார். இதைக் கேட்டதும் அந்த மன்னர் மேல் எனக்கு ஒரு பாசமே வந்துவிட்டது.

உள்ளே வரிசையாக ஏழு சந்நிதி. கூரை மூடியே இருப்பதால் வெயில் படாத நீலமும் சிவப்பும் இன்னும் அப்படியே இருக்கின்றன. தினமும் காலையில் நடந்த பூஜையை ஒவ்வொரு படியாகச் சுவரில் செதுக்கியிருக்கிறார்கள்: முத்திரையை உடைப்பது, தாழ் திறப்பது, தூபம், பழைய வஸ்திரம் களைந்து புதியது சாத்துவது. ஓரிடத்தில் மன்னர் சுண்டு விரலை மட்டும் நீட்டி சாமியின் நெற்றியில் தைலம் வைக்கிறார், குழந்தைக்குப் பொட்டு வைப்பது மாதிரி அவ்வளவு மெதுவாக. எல்லாம் முடிந்து வெளியே வரும்போது தன் காலடித் தடத்தைத் துடைப்பத்தால் கூட்டிக்கொண்டே வர வேண்டுமாம். அந்தச் செதுக்கலுக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். கும்பிட வந்தவன் தன் தடத்தைக்கூட அங்கே விடக்கூடாது என்று நினைத்திருக்கிறார்கள், அந்தப் பணிவுக்கு முன்னால் கை தானாகக் குவிந்தது.

ஆனால் கருவறை வரை போக சாதாரண ஜனங்களுக்கு அனுமதி கிடையாது. அவர்களுக்குக் கிடைத்தது வருஷத்துக்கு ஒரு திருவிழா. ஒசிரிஸை நெஷ்மெத் என்ற படகில் வைத்துத் தோளில் சுமந்து, பாலைவனத்தில் அவருடைய சமாதி என்று நம்பிய இடம் வரை கொண்டுபோவார்கள். அந்தப் பாதையோரத்தில் இடம் பிடித்துச் சின்னக் கோயில் மாதிரிக் கட்டி, பெயர் வெட்டிய கல்லை நட்டுவிட்டுப் போனார்கள். உடம்பு வேறு ஊரில் புதைந்திருந்தாலும் பரவாயில்லை, ஒவ்வொரு வருஷமும் சாமி இந்த வழியாகப் போகும்போது அந்தக் கல் பார்த்துக்கொண்டிருக்கும், தூபத்தின் வாசனையில் ஒரு பங்கு கிடைக்கும். பெரிய அதிகாரிகள் மட்டும் இல்லை, சின்ன வேலையில் இருந்தவர்களும் வைத்திருக்கிறார்கள். இன்று அந்தக் கற்களில் பெரும்பாலானவை கெய்ரோ, பாரிஸ், லண்டன் என்று மியூசியங்களில் இருக்கின்றன. படகு போகிற பாதையைப் பார்த்துக்கொண்டே இருக்கத்தானே வைத்தார்கள், எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாகவே இருந்தது.

கோயிலின் பின்பக்கம் போய் நின்றால் மேற்கே மணல், அதற்கு அப்பால் மலையில் ஒரு பிளவு. அதுதான் மறு உலகத்துக்கு வாசல் என்று நினைத்தார்களாம். அந்தத் திசையில் இருக்கிற சமாதி மேட்டுக்கு அரபியில் உம் எல் காப் என்று பேர், பானைகளின் தாய். நூற்றாண்டு நூற்றாண்டாக வந்தவர்கள் படையல் வைத்த மண்பானைகளின் ஓடுகள் அங்கே குவிந்து கிடப்பதால் வந்த பேர்.

அவர்களுடைய கல்வெட்டுகளில் வழிப்போக்கர்களிடம் ஒரு வேண்டுகோள் அடிக்கடி வரும்: கையில் ஒன்றும் இல்லாவிட்டாலும் எனக்கு ஆயிரம் ரொட்டி, ஆயிரம் பீர் என்று வாயால் சொல்லிவிட்டுப் போ, உனக்குச் செலவு மூச்சுக்காற்று மட்டும்தான். சரி, அதையாவது செய்யலாம் என்று மேற்கே பார்த்து நின்றுகொண்டு தமிழிலேயே சொன்னேன். ஆயிரம் ரொட்டி, ஆயிரம் பீர், ஆயிரம் மாடு, ஆயிரம் பறவை, இங்கே கல் நட்ட எல்லாருக்கும்.