பலாலிவரை கைப்பொதியில் வந்த மிக்ஸி

அம்மாவுக்கு 78 வயது. மணிக்கட்டு எலும்பு முறிந்து பொருந்திய பிறகு அம்மியில் அரைப்பது அவரால் இயலாமற் போயிற்று. ஆயினும் சம்பலைப் பிறர் அரைத்துக் கொடுப்பதில் அவருக்கு இன்றுவரை மனம் நிறைந்ததில்லை. ஆகவே சென்னையில் இருக்கும் தங்கையைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது நல்ல மிக்ஸி ஒன்றை வாங்கி, அதைக் கையிலேயே கொண்டுவருவதென்று முடிவு செய்தேன். பல ஆண்டுகளுக்கு முன்னர் கொழும்புக்கு அருகிலுள்ள கட்டுநாயக்க விமான நிலையம் வழியாக வந்தபோது பெரிய பொதியில் வைத்து ஏற்றிய மிக்ஸி, விமானத்திலும் அதன்பின் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் இரவுப் பேருந்திலும் அடிபட்டு, மோட்டாரின் உறை வெடித்த நிலையிலேயே வீடு வந்து சேர்ந்திருந்தது.

யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபரில் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டு, 2020 மார்ச்சில் கொரோனாவால் சேவை நின்று, 2022 டிசெம்பரில் சென்னை விமானங்கள் மீண்டும் வரத் தொடங்கிய பிறகு, அந்தப் பேருந்துப் பயணம் எங்களுக்கு இல்லாமற் போனது பெரிய ஆறுதல். எனினும் இத்தடத்தில் நான் பயணம் செய்தது ஏ.ரி.ஆர். 72 வகைச் சிறிய விமானத்தில். கைப்பொதிக்கு 7 கிலோ மட்டுமே அனுமதி. இருக்கைக்கு மேலுள்ள தட்டும் ஒடுக்கமானது. இந்த இரண்டையும் மனதில் வைத்தே எல்லாவற்றையும் ஆயத்தம் செய்ய வேண்டியிருந்தது.

போகும்போதே ஒரு பாடம் கிடைத்தது. தங்கைக்காகப் பித்தளை இடியப்ப உரலைக் கைப்பையிலும், பல் உள்ள பொருள் என்பதால் தேங்காய் திருவும் திருவலையைப் பெரிய பொதியிலும் வைத்திருந்தேன். ஊடுகதிர்த் திரையில் உரல் ஒரே கருங்கட்டியாகத் தெரிந்ததால், பலாலியில் பையைத் திறக்கச் சொன்னார்கள். உரலைக் கையில் எடுத்த பெண் அலுவலர் அது என்னவென்று என்னிடம் கேட்கவே இல்லை; அச்சைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டு, "கவனமா வையுங்கோ அம்மா" என்று திருப்பித் தந்தார். அந்தத் திரையில் உணவு, துணி போன்றவை செம்மஞ்சள் நிறத்திலும் உலோகங்கள் நீல நிறத்திலும் தெரியும் என்பதையும், கதிர் ஊடுருவ முடியாத அளவுக்குத் தடித்த பொருள் கறுப்பாகவே தெரியும் என்பதையும் பின்னர் அறிந்துகொண்டேன். மிக்ஸியின் மோட்டாரும் அப்படியானதுதான்: செப்புக் கம்பிச் சுருளும் இரும்பும் சேர்ந்த கட்டி. ஆகவே வீட்டுச் சாதனம் கையில் இருந்தால் பை திறக்கப்படும் என்று எண்ணிக்கொண்டே புறப்படுவது நல்லது. அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

சென்னையில் வாங்கியதும் அட்டைப் பெட்டியைத் தங்கை வீட்டிலேயே விட்டுவிட்டேன். பாதுகாப்புச் சோதனையில் உண்மையில் தடைபடக்கூடியது மோட்டார் அன்று, சாடிகளின் அடியில் உள்ள கத்தி. கூரான பொருட்கள் கைப்பொதியில் அனுமதிக்கப்படுவதில்லை. எனவே மூன்று சாடிகளையும் உள்ளே துணி அடைத்து, சேலைகளுக்கு நடுவில் வைத்துப் பெரிய பொதியில் ஏற்றினேன். துருப்பிடிக்காத எஃகுச் சாடி நெளிந்தாலும் தட்டி நிமிர்த்தலாம். மோட்டாரின் உறை உடைந்தால் ஒன்றும் செய்ய இயலாது. மோட்டார்ப் பகுதியை மாத்திரம் தனியாக ஒரு துணிப்பையில் இட்டு, கைப்பொதியின் மேற்புறத்தில், பற்றுச்சீட்டுடன் வைத்தேன். தங்கை வீட்டுத் தராசில் நிறுத்தபோது மொத்தம் ஆறரைக் கிலோ வந்தது. இஸ்திரிப்பெட்டி ஒன்றையும் வாங்கும் எண்ணம் இருந்தது. நிறை இடம் கொடாததால் அதைக் கைவிட்டேன்.

மின்வெட்டுக்கென வாங்கிய மீள்மின்னேற்ற விளக்கும், கைபேசிக்கான பவர் பாங்கும் கூடவே இருந்தன. இவற்றுக்கு விதி நேர்மாறானது. லித்தியம் பற்றரி சூடேறித் தீப்பிடித்தால் பயணிகள் பகுதியில் உடனே அணைக்கலாம், சரக்கறையில் அது கடினம் என்பதால், பவர் பாங்கைக் கையிலேயே கொண்டுசெல்ல வேண்டும். 100 வாட்-மணிவரை தனி அனுமதி தேவையில்லை. மில்லி அம்பியர்-மணியை வோல்ற்றால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் கணக்குத் தெரிந்துவிடும்: 20,000 மில்லி அம்பியர்-மணியும் 3.7 வோல்ற்றும் உள்ள பவர் பாங்க் 74 வாட்-மணி. அளவு அழிந்துபோன பழைய பவர் பாங்கை நான் கொண்டுசெல்லவில்லை. எழுத்துத் தெரியாவிட்டால் சோதிப்பவருக்குக் காட்ட எதுவும் இராது.

சென்னையில் குடிவரவுப் பகுதியைக் கடந்து சோதனை வரிசைக்கு வந்ததும், கேட்கப்படும் முன்னரே மோட்டாரைத் துணிப்பையிலிருந்து எடுத்துத் தனித் தட்டில் வைத்து, விளக்கையும் பவர் பாங்கையும் அருகில் வைத்தேன். தட்டு ஒருமுறை போய், திருப்பி வைக்கப்பட்டு மறுமுறையும் போனது. மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், "ஜார் எங்கே மேடம்?" என்று கேட்டார். பெரிய பொதியில் போட்டுவிட்டேன் என்றதும் அவருடைய முகம் தெளிந்ததைக் கவனித்தேன். சிறு துணித்துண்டால் மோட்டாரின் மேற்பரப்பைத் துடைத்து, வெடிபொருளின் சுவடு உள்ளதா என்று பார்க்கும் கருவியில் இட்டார். ஐந்து நிமிடங்களுக்குள் எல்லாம் முடிந்தது.

நான் எதிர்பாராதது விமானப் படிக்கட்டின் அருகே நிகழ்ந்தது. மேல்தட்டில் இடம் போதாதென்று, சற்றுப் பெரிய கைப்பொதிகளையெல்லாம் வாங்கிச் சீட்டுக் கட்டிக் கீழே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவ்வாறு பொதியை ஒப்படைக்க நேர்ந்தால், பவர் பாங்கை முதலில் வெளியே எடுத்துவிட வேண்டும். அவசரத்தில் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். நான் அதையும் விளக்கையும் எடுத்துத் தோள்பையில் போட்டேன். மோட்டார் தனித் துணிப்பையில் இருந்ததால் அதையும் தூக்கிக்கொண்டு, மீதிப் பொதியைக் கொடுத்துவிட்டு ஏறினேன். முன்இருக்கையின் அடியில் அது சரியாகப் பொருந்தியது. அந்தத் துணிப்பை இல்லாதிருந்தால் இவ்வளவு ஆயத்தமும் பயனற்றுப் போயிருக்கும்.

பலாலியில் சுங்க அலுவலர் பற்றுச்சீட்டை வாங்கிப் பார்த்து, ஒன்றுதானா என்று கேட்டு, போகவிட்டார். இந்தியாவிலும் இங்கும் மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ் என்பதால் மாற்றுக்கருவி தேவையில்லை. பிளக்தான் வேறுபடும், புதிய வீடுகளில் 13 அம்பியர் சதுர முனைத் துவாரங்களே இருக்கின்றன. எங்கள் வீடு பழையது. குசினிச் சுவரில் இருந்த வட்ட முனைத் துவாரத்தில் பிளக் அப்படியே பொருந்தியது. சாடியை அம்மாவே மோட்டாரின் மேல் வைத்துத் திருகினார். செத்தல் மிளகாயையும் உப்பையும் முதலில் இட்டு, பிறகு திருவிய தேங்காயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அரைத்து, விரலால் தொட்டு நாவில் வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு சுத்து விடலாம் பிள்ளை" என்றார்.