சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்காக ஒரு இன்சூரன்ஸ்

மரவேலை எனக்குத் தொழில் கிடையாது. மலேசியாவின் பினாங்கில், பாயான் லெப்பாஸ் பகுதியில் ஒரு சிப் தொழிற்சாலையில் டெஸ்ட் இன்ஜினியர் வேலை. மாதச் சம்பளம், எம்ப்ளாய்மென்ட் பாஸ் (வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி), கம்பெனி கொடுத்த மெடிக்கல் கார்டு என்று வாழ்க்கை ஓடுகிறது. ஆனால் சனிக்கிழமை இழைப்புளியைக் கையில் எடுக்காவிட்டால் அந்த வாரம் முடிந்ததாகவே தோன்றாது. என் தாத்தா காரைக்குடிப் பக்கம் நிலை, கதவு செய்தவர். அவருடைய உளிகளில் சில பினாங்குக்கு என்னோடு வந்திருக்கின்றன.

இங்கே எங்களைப் போல வந்தவர்கள் பெரும்பாலும் அடுக்குமாடியில்தான் இருக்கிறோம். பால்கனியில் ரம்பம் ஓட்டினால் மேனேஜ்மென்ட் ஆபீசிலிருந்து கடிதம் வரும். வருவது நியாயம்தான், மேல்வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, கீழ்வீட்டில் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்குகிறவர் இருக்கிறார். அதனால் ஜெலுத்தோங்கில் பழைய ஒற்றைமாடி வரிசை ஒன்றில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தேன். முன்னால் இரும்பு ஷட்டர், மேலே தகரக் கூரை. ஒரு காரை உள்ளே நிறுத்தினால் சுற்றி நடக்கத்தான் இடம் மிஞ்சும். வலப்பக்கம் சோபா தைக்கும் சீனப் பெரியவர். இடப்பக்கம் ஒரு மலாய்க்காரரின் கிடங்கு. கல்யாணக் கூடாரத் துணி, நாற்காலி, மேடை அலங்காரம் எல்லாம் அதில் நிறைந்திருக்கும்.

சாவி கையில் வந்த பிறகுதான் அண்ணாந்து பார்த்தேன். நடுச்சுவர் கூரையைத் தொடவில்லை. மேலே ஒரு முழத்துக்கு வெறும் இடைவெளி. சோபாக்காரர் அடுக்கி வைத்திருக்கும் ஃபோம் கட்டுகளின் மேல்வரிசை என் மேசையிலிருந்தே தெரிகிறது. என் மரத்தூள் அந்த வழியாகப் போய் அவருடைய ஃபோம் மேல் படியும். தூள் போகிற வழியில் தீயும் போகும்.

மரவேலையில் தீ எங்கிருந்து வரும் என்று தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மேசைப் பலகைக்கு ஆளிவிதை எண்ணெய் பூசித் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், யாரும் பற்ற வைக்காமலே அது பற்றிக்கொள்ளும். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது சூடு பிறக்கிறது. விரித்துப் போட்ட துணியில் அந்தச் சூடு பறந்துவிடும். சுருட்டிய துணியில் உள்ளுக்குள்ளேயே ஏறிக்கொண்டே போகும். தகரக் கூரைக்குக் கீழே, பினாங்கு மதியத்தில், நான் வீட்டுக்குப் போன பிறகு அது நடக்கலாம். என் ரம்பமும் இழைப்புளியும் எரிந்தால் அது என் நஷ்டம். அந்தப் பெரியவரின் பிழைப்பு எரிந்தால் நான் எதைக் கொடுத்து ஈடு கட்டுவது? நாலு வருடச் சேமிப்பை அப்படியே கொடுத்தாலும் போதாது. எனக்கு இன்சூரன்ஸ் வேண்டும் என்று தோன்றியதே இதனால்தான்.

முதலில் பேசிய ஏஜென்ட் அக்கா புக்கிட் மெர்தாஜாமில் பிறந்து வளர்ந்தவர். நல்ல மனசு. "தம்பி, காடி (கார்) இன்சூரன்ஸ், வீடு, மெடிக்கல் எது வேணும்னாலும் இப்பவே போட்டுத் தரேன். பிஸ்னஸ் இல்லாத பட்டறைக்கு சிஸ்டமே ஏத்துக்காது, எஸ்எஸ்எம் நம்பர் கேக்கும்" என்றார். இங்கே வியாபாரத்தைப் பதிவு செய்தால் கிடைக்கும் எண் அது. சும்மா ஒரு என்டர்பிரைஸ், அதாவது சிறு வியாபாரம், பதிவு செய்துகொண்டால் சுலபம் என்று அவருக்குத் தெரிந்தவர் ஒருவர் யோசனை சொன்னார். அது எனக்கு ஆகாது. என்டர்பிரைஸ் பதிவு மலேசியக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான். பாஸில் வந்தவன் ஸ்பான்சர் செய்த கம்பெனிக்கு மட்டுமே வேலை செய்யலாம். இன்சூரன்ஸுக்காகப் பாஸைப் பணயம் வைக்க முடியுமா?

புதிதாக வருகிறவர்கள் இன்னொரு விஷயத்தையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. இங்கே பொதுக் காப்பீட்டு ஏஜென்ட் ஒருவர் அதிகபட்சம் இரண்டு நிறுவனங்களுக்குத்தான் பிரதிநிதியாக இருக்கலாம். அவர் "கிடைக்காது" என்றால் அந்த இரண்டிடமும் கிடைக்காது என்று மட்டும்தான் பொருள். புரோக்கர் அப்படி இல்லை, மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் அனுமதி பெற்று வாடிக்கையாளர் சார்பில் பல நிறுவனங்களிடம் கேட்பவர். அக்காவே எனக்கு ஒரு புரோக்கர் அலுவலகத்தின் நம்பரைக் கொடுத்தார். கமிஷன் தனக்கு வராது என்று தெரிந்தும் கொடுத்தார். அதை நான் மறக்க மாட்டேன்.

புரோக்கர் அலுவலகத்தில் இருந்த தம்பி சுங்கை பூலோக்காரர். அவர் முதலில் எனக்குப் புரிய வைத்தது, தீ இன்சூரன்ஸும் பொறுப்பு இன்சூரன்ஸும் வேறு வேறு என்பதை. தீ பாலிசி என் சாமானைக் காக்கும். என்னால் பிறருக்கு ஆன காயத்துக்கும் சேதத்துக்கும் சட்டப்படி நான் கொடுக்க வேண்டியதைப் பொதுப் பொறுப்பு பாலிசி கொடுக்கும். நான் கவலைப்பட்டது முழுக்க இரண்டாவதைப் பற்றித்தான். பிறகு அவர் நிறுவனத்தின் மாதிரி பாலிசியை மேசையில் விரித்து, விலக்குகள் பக்கத்தைத் திறந்து, "அண்ணே, இந்தப் பக்கத்தை மட்டும் நிதானமாப் படிங்க, மத்ததெல்லாம் அப்புறம்" என்றார்.

படித்தேன். ஓரிடத்தில் கண் நின்றுவிட்டது. காப்பீடு எடுத்தவரின் பொறுப்பிலோ கட்டுப்பாட்டிலோ இருக்கும் சொத்துக்கு ஆகும் சேதம் சேராது என்றிருந்தது. அப்படியானால் நான் வாடகைக்கு எடுத்த அறையே சேராது! பக்கத்துக் கிடங்கு எரிந்தால் பணம் வரும், நான் நிற்கிற இடம் எரிந்தால் வராது. இதற்கு வாடகைதாரர் பொறுப்பு என்று தனியாக ஒரு சேர்க்கை உண்டு, கேட்டு வாங்க வேண்டும். வாடகை இடத்தில் பட்டறை வைக்கிற யாரும் இந்தச் சேர்க்கை இல்லாமல் கையெழுத்துப் போடவே கூடாது என்பேன்.

அடுத்தது ஒப்பந்தத்தால் வரும் பொறுப்பு. வீட்டுக்காரர் கொடுத்த வாடகை ஒப்பந்தத்தில், எந்தக் காரணத்தால் எந்தச் சேதம் வந்தாலும் வாடகைக்காரரே ஏற்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. சட்டப்படி என் தலையில் விழாத பொறுப்பை நானாகக் கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொண்டால் பாலிசி அதற்கு வராது. சோபாக்காரர் பக்கம் மின்கசிவால் தீப்பிடித்து என் அறை எரிந்தாலும் நான் கட்ட வேண்டியிருக்கும், இன்சூரன்ஸ் ஒதுங்கிக்கொள்ளும். வீட்டுக்கார அங்கிளிடம் போய் உட்கார்ந்து பேசினேன். என் கவனக்குறைவால் வரும் சேதம் என்று அந்த வரியைத் திருத்தச் சம்மதித்தார். கட்டடத்துக்கு அவர் தீ பாலிசி வைத்திருக்கிறார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அவருக்கு இழப்பீடு கொடுத்த நிறுவனம், தீக்கு நான் காரணம் என்றால் அவர் இடத்தில் நின்று என்னிடம் அந்தப் பணத்தை வசூலிக்க வரலாம். வாடகைக்காரர் மீது அந்த உரிமையைப் பயன்படுத்த மாட்டோம் என்று அவருடைய நிறுவனத்திடம் எழுதி வாங்கித் தர முடியுமா என்று கேட்டேன். எனக்காக அவரே போன் செய்து பேசி அந்தக் கடிதத்தை வாங்கிக் கொடுத்தார்.

விண்ணப்பத்தில் "தனிப்பட்ட பொழுதுபோக்குப் பட்டறை, வியாபாரம் இல்லை, சம்பள ஆள் இல்லை" என்று தெளிவாக எழுதினோம். இந்த வரிக்கு எடை உண்டு. 2013-ஆம் ஆண்டின் நிதிச் சேவைகள் சட்டத்தில், ஒன்பதாவது அட்டவணை, தொழிலோடு சம்பந்தமில்லாமல் காப்பீடு எடுக்கிற தனிநபரைத் தனியாக நடத்துகிறது. நிறுவனம் கேட்கும் கேள்விகளுக்குத் தவறான தகவல் தராமல் தக்க கவனத்தோடு பதில் சொல்வது தனிநபரின் கடமை. வியாபாரியாக எடுத்தால், கேட்காவிட்டாலும் முக்கியமானதைத் தானாகவே சொல்லியாக வேண்டும். நான் கேட்டதற்கும் பதில் சொன்னேன், கேட்காததையும் எழுதினேன். தின்னர் எத்தனை லிட்டர், எண்ணெய்த் துணியை என்ன செய்கிறேன், கூரைக்குக் கீழே இருக்கும் இடைவெளி, எல்லாவற்றையும் படத்தோடு அனுப்பினேன். மறைத்து வாங்கிய பாலிசியை நம்பி நிம்மதியாகத் தூங்க என்னால் முடியாது.

நிறுவனத்திலிருந்து ஒருவர் நேரில் வந்து பார்த்தார். மின்சுற்றைத்தான் அதிக நேரம் பார்த்தார். இங்கே வோல்டேஜ் ஊரில் உள்ளதுதான், ஆனால் பிளக்குக்குள்ளேயே 13 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கும். பழைய வயரிங்கில் நீளமான எக்ஸ்டென்ஷன் போட்டு டேபிள் ரம்பத்தை ஓட்ட வேண்டாம் என்றார். உரிமம் பெற்ற வயர்மேன் சோதித்த தாள் கேட்டார். போம்பா (தீயணைப்புத் துறை) ஸ்டிக்கர் ஒட்டிய தீயணைப்பான் வாசலருகில், எண்ணெய்த் துணிக்கு மூடி போட்ட இரும்பு டின், வெல்டிங் கூடாது, நாள் முடிவில் மரத்தூளை வெளியேற்ற வேண்டும். எல்லாம் பாலிசியில் நிபந்தனையாக ஏறின. அவர் எழுதாமல் வாயால் சொன்ன ஒன்றையும் செய்தோம். பக்கத்துக்காரர்கள் இருவரும் நானும் செலவைப் பகிர்ந்து, வீட்டுக்கார அங்கிளின் அனுமதியோடு, நடுச்சுவர்களைச் செங்கல் வைத்துக் கூரைவரை எழுப்பிவிட்டோம்.

எவ்வளவு தொகைக்கு எடுப்பது என்பதை வரிசையில் போய்ப் பேசித்தான் முடிவு செய்தேன். சோபாப் பெரியவர் முதலில் தயங்கினார், எதற்குக் கேட்கிறேன் என்று புரிந்ததும் தையல் மிஷின் முதல் தோல் சுருள் வரை தானே கணக்குச் சொன்னார். கிடங்குக்காரர் பில்களையே காட்டினார். அதோடு கட்டடத்தையும் சேர்த்து 5 லட்சம் வெள்ளிக்கு (ரிங்கிட்) எடுத்தேன். ஒவ்வொரு சொத்துச் சேதத்திலும் முதல் பகுதி என் கையிலிருந்து போகும். பிரீமியத்தோடு 8 சதவீத சேவை வரியும் 10 வெள்ளி முத்திரைக் கட்டணமும் சேர்த்தும், வருடத்துக்குக் கட்டுவது ஒரு மாத வாடகையில் பாதிகூட வரவில்லை.

பாலிசி எதற்கு வராது என்பதையும் நண்பர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பட்டறைக்கு வருகிற விருந்தாளி தடுக்கி விழுந்தால் வரும். அவர் என் ரம்பத்தை ஓட்டி விரலை வெட்டிக்கொண்டால் வராது என்று எழுத்திலேயே பதில் வாங்கியிருக்கிறேன். ஆகவே பிள்ளைகள் வந்தால் உப்புத்தாளும் கை இழைப்புளியும்தான், மின்சார மிஷின் பக்கம் விடுவதில்லை. தீபாவளி நெருங்கினால் சாமி மாடம் செய்து தரச் சொல்லிப் பணத்தோடு வருகிறார்கள். பணம் வாங்கினால் பாஸுக்கும் ஆகாது, பாலிசிக்கும் ஆகாது. சும்மா செய்து கொடுத்தாலும், அது அவர்கள் வீட்டுச் சுவரிலிருந்து விழுந்து யாருக்காவது அடிபட்டால் இந்தப் பாலிசி வராது, அது செய்த பொருளுக்கான பொறுப்பு என்று தனிக் கணக்கு. அதனால் தொங்கவிடுகிற எதையும் செய்து கொடுப்பதில்லை. தரையில் உட்காரும் மாடமாக, அடி அகலமாக, மெராந்தி மரத்தில் செய்து கொடுக்கிறேன்.

இப்போது சின்னதாக ஒரு கடைசல் மிஷின் வாங்க ஆசை வந்திருக்கிறது. விண்ணப்பத்தில் எழுதிய மிஷின்களில் அது இல்லை. மாடலையும் மோட்டார் அளவையும் சுங்கை பூலோ தம்பிக்கு அனுப்பியிருக்கிறேன், நிறுவனத்திடமிருந்து எழுத்தில் பதில் வந்த பிறகுதான் கடைக்கு முன்பணம் கட்டுவேன்.