ஆல்ஃபாவும் அதன் பச்சைக் கோப்பும்

"45,000 ராண்ட் போடலாம் ஆன்ட்டி" என்றார் நாங்கள் புதுக்கார் வாங்கப் போன ஷோரூமில் இருந்த தம்பி. எங்கள் பழைய ஆல்ஃபா ரோமியோ காரை ஒரு சுற்று சுற்றி வந்தார், கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார், கைபேசியில் எதையோ தட்டினார். அவ்வளவுதான். பானட்டைத் திறக்கச் சொல்லவில்லை. என் கையில் ஒரு தடிமனான பச்சைக் கோப்பு இருந்தது. அது என்ன என்றுகூடக் கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பவும் காரில் ஏறி உட்கார்ந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பணம் குறைவு என்பதால் இல்லை. இருபத்து மூன்று வருஷம் ஒரு மனிதர் பார்த்துப் பார்த்துக் காப்பாற்றிய பொருளை ஒருவர் மூன்று நிமிஷத்தில் பார்த்து முடித்துவிட்டாரே என்றுதான்.

கார், 1983ஆம் ஆண்டு ஆல்ஃபா ரோமியோ ஜிடிவி6. கருநீலம். 2.5 லிட்டர் வி6 எஞ்சின். எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷத்தில், 1999இல், தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒருவரிடம் என் வீட்டுக்காரர் வாங்கினார். நான் மன்னார்குடியிலிருந்து டர்பனுக்கு வந்த புதிது. கையில் இருந்த சேமிப்பையெல்லாம் ஒரு பழைய காரில் போடுகிறாரே என்று எனக்கு ஒரே கவலை. மறுநாள் காலையில் இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு ஓட்டிப்போய் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். திரும்பி வரும்போது நெடுஞ்சாலையில் மூன்றாவது கியரில் கொஞ்சம் அழுத்தினார். அந்தச் சத்தத்தைக் கேட்டேன். அதற்கப்புறம் அந்தக் காரைப் பற்றி நான் குறை சொன்னதில்லை.

அந்த எஞ்சினை உருவாக்கியவர் ஜூஸெப்பே புஸ்ஸோ. ஆல்ஃபாக்காரர்கள் அதை 'புஸ்ஸோ வி6' என்றே சொல்வார்கள். அந்த வகையில் கடைசி எஞ்சின் 2005 டிசம்பரில் முடிந்தது. சில நாளிலேயே, 2006 ஜனவரி தொடக்கத்தில், அவரும் போய்ச் சேர்ந்தார். என் வீட்டுக்காரர் இதைச் சொல்லும்போது சொந்தத்தில் பெரியவர் ஒருவரைப் பற்றிச் சொல்கிற மாதிரி இருக்கும்.

விற்க வேண்டி வந்ததற்குக் காரணம் இவருடைய இடது முழங்கால். மாற்று அறுவை சிகிச்சை ஆனது. காலை மடக்கி நீட்டலாம், நடக்கலாம், கிளட்சை மட்டும் நாள் முழுக்க மிதிக்க முடியாது. ஜிடிவி6இல் கிளட்சும் கியர்பாக்ஸும் பின்சக்கரப் பக்கம் இருக்கின்றன. எடை முன்னும் பின்னும் சமமாக இருக்கட்டும் என்று செய்த ஏற்பாடு. ஓட்ட அருமையாக இருக்கும், ஆனால் கால் சொன்னபடி கேட்க வேண்டும். ஆகவே ஒரு ஆட்டோமேட்டிக் வாங்குவது என்று முடிவு செய்தோம். கொரோலா கிராஸ். எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற டொயோட்டாவின் புராஸ்பெக்டன் தொழிற்சாலையில் 2021 முதல் அதையும் செய்கிறார்கள். வீட்டில் இருந்த இரண்டு கார்களையும், அதாவது என்னுடைய யாரிஸையும் இவருடைய ஆல்ஃபாவையும், டிரேட்-இன்னில் கொடுத்துவிட்டு ஒரே காரோடு இருப்பது என்று திட்டம். ஊரில் நாம் எக்ஸ்சேஞ்ச் என்று சொல்வதுதான் இங்கே டிரேட்-இன்.

நான் முப்பது வருஷமாகக் கணக்கு எழுதுகிறவள். அன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் தாளை எடுத்து உட்கார்ந்தேன்.

யாரிஸுக்கு அவர்கள் சொன்ன விலை நியாயமாகவே இருந்தது. அந்த மாதிரி கார்களுக்கு ட்ரான்ஸ்யூனியன் என்ற நிறுவனம் வெளியிடுகிற புத்தக விலை உண்டு. டீலர் வாங்குகிற டிரேட் விலை இவ்வளவு, அவர் விற்கிற சில்லறை விலை இவ்வளவு என்று வருஷவாரியாக இருக்கும். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் கையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பு. நாற்பது வயதான ஆல்ஃபாவுக்கு அந்தக் கம்பு இல்லை. அப்போது டீலர் என்ன செய்வார்? இந்தக் கார் ஆறு மாதம் நம் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றால் என்ன ஆகும் என்றுதான் யோசிப்பார். விற்பது கஷ்டம், பழுது வந்தால் பார்க்க ஆள் இல்லை. அதுவும் இல்லாமல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி டீலர் விற்கிற காருக்கு ஆறு மாதம் அவர் பொறுப்பேற்க வேண்டும். அதையெல்லாம் கழித்துவிட்டுத்தான் 45,000. அந்தத் தம்பி மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. அவர் விலை போட்டது காருக்கு இல்லை, தனக்கு வரப்போகிற தலைவலிக்கு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இணையத்தில் இதைப் பற்றித் தேடினால் அமெரிக்கக்காரர்கள் எழுதியதுதான் நிறைய வரும். டிரேட்-இன் கொடுத்தால் வரியில் மிச்சம் என்பார்கள். அங்கே பல மாநிலங்களில், பழைய காரின் விலையைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் விற்பனை வரி. இங்கே அப்படி இல்லை. புதுக்காரின் முழு விலைக்கும் 15 சதவீத வாட், அதாவது மதிப்புக் கூட்டு வரி, உண்டு, பழையதைக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும். வரிச் சலுகை டீலருக்குத்தான். வாட் பதிவில்லாத நம்மைப் போன்றவரிடம் பழைய பொருள் வாங்கும்போது, கொடுத்த தொகையில் 115இல் 15 பங்கை தான் கட்ட வேண்டிய வாட்டிலிருந்து அவர் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். 45,000த்தில் அது 5,869 ராண்ட். அந்தக் கணக்கு அவருக்குத் தெரியும், நமக்கும் தெரிந்திருக்க வேண்டும். டிரேட்-இன் விலையை ஏற்றிக் காட்டிவிட்டுப் புதுக்காரில் தள்ளுபடியை நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கடைசியில் என் கையிலிருந்து எவ்வளவு போகிறது?

யாரிஸைக் கொடுத்தோம். ஆல்ஃபாவை வீட்டுக்கு ஓட்டி வந்தோம்.

விலை வைப்பதற்கு எங்களுக்கு உதவியது காப்பீட்டுப் பத்திரம். பழைய கார்களுக்கு இங்கே 'ஒப்புக்கொண்ட மதிப்பு' என்று ஒன்று எழுதுவார்கள். விவரம் தெரிந்த ஒருவர் வந்து பார்த்துச் சான்றிதழ் தருவார், அந்தத் தொகைக்குக் காப்பீடு. இரண்டு வருஷம் முன்னால் எங்களுக்கு 240,000 என்று எழுதியிருந்தார்கள். ஆல்ஃபா கிளப் ஆட்களிடமும் விசாரித்துவிட்டு 285,000 என்று விளம்பரம் போட்டோம்.

பதினோரு வாரம் ஆயிற்று. நிறையப் பேர் கூப்பிட்டார்கள். பாதிப் பேர் கேட்டது, "இது 3 லிட்டரா?" என்று. 3 லிட்டர் ஜிடிவி6, பந்தய விதிக்காகத் தென்னாப்பிரிக்காவில் மட்டும் செய்த கார். 200க்குச் சற்று மேலேதான் செய்தார்கள். அதன் விலையே வேறு. இல்லை, இது 2.5 என்றால் வைத்துவிடுவார்கள். ஒருவர், நான் வாங்கி பானட்டை மாற்றி 3 லிட்டர் மாதிரி செய்துகொள்கிறேன் என்றார். இவர் அவரிடம் மேற்கொண்டு பேசவே இல்லை. ஜோஹானஸ்பர்க்கிலிருந்து கூப்பிட்டவர்களுக்கு ஒரே பயம்: கடற்கரைக் கார், துரு இருக்கும். நியாயமான பயம்தான். அந்தக் காலத்து ஆல்ஃபா தகடும் இந்தியப் பெருங்கடலின் உப்புக் காற்றும் ஒத்துப்போகாது. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்கப்புறம் டர்பன் காரென்றாலே இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது: தண்ணீரில் நின்றதா? அந்த வெள்ளத்தில் புராஸ்பெக்டன் தொழிற்சாலையே மூழ்கிச் சில மாதம் மூடிக் கிடந்தது. எங்கள் வீடு மேட்டில், தப்பித்தோம்.

ஒருவர் காரைப் பார்க்காமலேயே பணம் அனுப்பிவிட்டதாக வங்கிச் சீட்டு ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். காரை எடுத்துப்போக ஆள் வருகிறான் என்றார். கணக்கைத் திறந்து பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. இந்த ஏமாற்று இங்கே சர்வ சாதாரணம். பணம் போட்டதற்கான சீட்டு என்பது பணம் இல்லை. நம் கணக்கில் வந்து நிற்கிற வரைக்கும் சாவி நம் கையை விட்டுப் போகக் கூடாது. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன், ஏனென்றால் எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படித்தான் தன் பக்கியை, அதாவது பிக்கப் வண்டியை, இழந்தார்.

பத்தாவது வாரம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு பையன் வந்தார். முப்பது வயது இருக்கும். தமிழ்ப் பிள்ளை. ஆங்கிலத்தில்தான் பேசினார், ஆனால் இவரைப் பார்த்ததும் வணக்கம் அங்கிள் என்றார். கொண்டுவந்த பையிலிருந்து பழைய துணியில் சுற்றிய காந்தம் ஒன்றை எடுத்தார். வண்ணம் கீறக் கூடாதென்று துணி. கதவுக்குக் கீழே ஓடுகிற தகட்டில் முன்னாலிருந்து பின்னால் மெல்ல இழுத்துக்கொண்டே போனார். இரும்பு இருக்கிற இடத்தில் காந்தம் பிடித்துப் பிடித்து நகர்ந்தது. வலதுபுறம், பின்சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால், பிடி விட்டுக் கையோடு வந்துவிட்டது. உள்ளே தகடு இல்லை, ஓட்டையை அடைத்துப் பூசுகிற பட்டி.

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் கோப்பைத் திறந்து முதல் பக்கத்தைக் காட்டினேன். அங்கே நானே எழுதி வைத்திருந்த குறைகள் ஏழு. மூன்றாவது: "வலது பக்கத் தகடு, பின்சக்கரத்துக்கு முன், 2008இல் பட்டி வைத்தது, அளவு உள்ளங்கை." அதற்குக் கீழே, கியர்பாக்ஸ் சூடாகும் வரை இரண்டாவது கியர் கரகரக்கும் என்பது. அதற்குக் கீழே, பின் பிரேக் டிஸ்க்குகள் சக்கரத்தில் இல்லாமல் உள்ளே கியர்பாக்ஸ் ஓரமாக இருப்பதால் பேடு மாற்ற அரை நாள் ஆகும் என்பது.

பையன் கம்பளத்தைத் தூக்கிச் சேற்றுக்கோடு இருக்கிறதா என்று பார்த்தார், ஸ்டெப்னிக் குழியைத் தடவிப் பார்த்தார். அப்புறம் வராந்தாவில் உட்கார்ந்து கோப்பைப் படிக்க ஆரம்பித்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல். டீ ஆறிப்போய் இரண்டாவது டீ போட்டேன். வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கிற டைமிங் பெல்ட்டின் பில்களைத் தனியாக எடுத்து வரிசையாக வைத்துத் தேதி பார்த்தார். இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடித்து எல்லாம் போய்விடும். அதை இறுக்கிப் பிடிக்கிற பழைய டென்ஷனர் எண்ணெய் கசியும், எண்ணெய் பட்டால் பெல்ட் கெடும். இவர் கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றியிருந்தார். ஒரு பில்கூட விடுபடவில்லை. ஆல்ஃபா எண்பதுகளின் நடுவிலேயே தென்னாப்பிரிக்காவில் தனக்கிருந்த பிரிட்ஸ் தொழிற்சாலையை விட்டுப் போய்விட்டதால், பாதி உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்து வந்தவை. சுங்கச் சீட்டு உட்பட எல்லாம் இருந்தது.

சோதனை ஓட்டத்துக்கு அமன்சிம்டோட்டி வரைக்கும் போனார்கள். இவர் பக்கத்து இருக்கையில். திரும்பி வந்து 250,000 என்றார் பையன். இவர் 260,000 என்றார். 255,000த்தில் முடிந்தது.

எழுத்து வேலையை நான் பார்த்துக்கொண்டேன். தனியார் விற்பனையில் இங்கே 'ஃபுட்ஸ்டூட்ஸ்' என்று ஒரு வார்த்தை எழுதுவார்கள். இருப்பது இருக்கிறபடி, அப்புறம் கேள்வி கேட்கக் கூடாது என்று அர்த்தம். அதை எழுதிவிட்டால் தப்பித்தோம் என்று பலர் நினைக்கிறார்கள். தெரிந்த குறையை மறைத்தால் அந்த வார்த்தை காப்பாற்றாது. ஆகவே ஏழு குறைகளும் ஒப்பந்தத்தோடு இணைப்பு, இருவர் கையெழுத்து. வாகனத் தகுதிச் சான்றிதழ் வாங்கினதிலிருந்து 60 நாள்தான் செல்லும் என்பதால், விலை பேசி முடிந்த பிறகுதான் வாங்கினோம். அதற்காக நான்கு டயர் மாற்ற வேண்டியிருந்தது. விளம்பரம், டயர், சான்றிதழ் எல்லாம் சேர்த்துச் செலவு 14,600. வங்கிக்கு வாங்குகிறவரோடு சேர்ந்தே போனோம், உடனடிப் பரிமாற்றம், என் கணக்கில் தொகை தெரிந்ததும் சாவி. சொந்த உபயோகக் கார் என்பதால் இதற்கு மூலதன ஆதாய வரியும் இல்லை.

மறுநாளே உரிம அலுவலகத்தில், உரிமை மாறியதென்று நம் பக்கத்து அறிவிப்புப் படிவத்தைக் கொடுத்துவிட்டேன். வாங்கியவர் 21 நாளுக்குள் பதிய வேண்டும்தான், ஆனால் அவர் தாமதித்தால் அபராதமெல்லாம் நம் பெயருக்கே வரும்.

டிரேட்-இன்னைவிட, செலவு போக, 195,400 ராண்ட் கூட. பதினோரு வாரத்து அலைச்சலுக்கு. கோப்பு இல்லாதிருந்தால் இந்த விலை வந்திருக்காது என்று உறுதியாகச் சொல்வேன். பில்லையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டவர்கள், காந்தத்துக்குப் பயப்படுகிறவர்கள், அவசரமாகப் பணம் தேவைப்படுகிறவர்கள் டீலரிடமே கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, யாரிஸை நாங்கள் அப்படித்தான் கொடுத்தோம்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன் கூப்பிட்டார். 2011 கிளட்ச் பில்லில் மை அழிந்துபோயிருக்கிறது, தட்டு எங்கே வாங்கியது என்று கேட்டார். இவர் யோசிக்கவே இல்லை. கடை, தெரு, அன்றைக்கு என்ன விலை, எத்தனை வாரம் காத்திருந்தார் எல்லாம் சொன்னார். அப்புறம் இரண்டாவது கியரைப் பற்றி ஆரம்பித்தார்கள். நான் போய் சோற்றை இறக்கி வைத்துவிட்டு வந்தேன், இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள்.