நீலகிரிச் சிகரங்களை எதைக் கொண்டு வரிசைப்படுத்துவது?

கடல்மட்ட உயரத்தை மட்டும் வைத்துக்கொண்டு நீலகிரியின் சிகரங்களை வரிசைப்படுத்தினால், அந்த வரிசை மலைகளைப் பற்றி நமக்கு மிகக் குறைவாகவே சொல்லும் என்பது என் நெடுநாள் கருத்து. ஊட்டி நகரமே ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பிரிட்டனின் மிக உயர்ந்த சிகரமான பென் நெவிஸ் 1,345 மீட்டர்தான். ஊட்டி மார்க்கெட்டில் காய்கறி வாங்க வந்தவர் அந்தச் சிகரத்தைவிட ஏறக்குறைய 900 மீட்டர் மேலே நிற்கிறார். ஆனால் அவர் எந்த மலையையும் ஏறியிருக்கவில்லை. பீடபூமியின் மேல் வாழும் நமக்கு, இத்தனை மீட்டரைத் தாண்டியவை எல்லாம் சிகரங்கள் என்ற அளவுகோல் தொடக்கத்திலேயே பயன்படாமல் போகிறது.

எல்க் ஹில்லையும் ரங்கசாமி மலையையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். ஊட்டிப் பள்ளத்தாக்கைச் சூழ்ந்திருக்கும் மலைகளில் ஒன்றான எல்க் ஹில் 2,466 மீட்டர் உயரமுடையது. நகரத்திலிருந்து இருநூறு மீட்டருக்குச் சற்று அதிகமாக ஏறினால் அதன் உச்சி வந்துவிடும். கோத்தகிரிக்குக் கிழக்கே, பீடபூமியின் விளிம்பில் நிற்கும் ரங்கசாமி மலையோ 1,785 மீட்டர். ஊட்டி நகரத்தைவிட 450 மீட்டர் தாழ்வானது. ஆயினும் கோடநாடு காட்சிமுனையில் நின்று அதைப் பார்த்தவர் எவரும் அது ஒரு தனி மலை என்பதில் ஐயம் கொள்ளமாட்டார். அந்த மலையை இருளர்கள் வழிபடுவதற்கும் அது ஒதுங்கித் தனித்து நிற்பதற்கும் தொடர்பு உண்டு என்றே நான் எண்ணுகிறேன். உயர வரிசையில் எல்க் ஹில் வெகு மேலேயும் ரங்கசாமி மலை வெகு கீழேயும் இருக்கும். கண்ணுக்குத் தெரியும் உண்மை அதுவன்று.

இந்தக் குறையைத் தீர்க்கும் அளவைத்தான் புடைப்பு என்கிறோம். ஒரு சிகரத்திலிருந்து புறப்பட்டு, அதைவிட உயரமான வேறொரு சிகரத்துக்கு நடந்து போவதாக வைத்துக்கொள்வோம். போகும் வழியில் எங்காவது கீழே இறங்கித்தான் ஆகவேண்டும். சாத்தியமான எல்லா வழிகளிலும், மிகக் குறைவாக இறங்க வைக்கும் வழியைத் தேர்ந்தெடுத்தால், அந்த வழியின் மிகத் தாழ்ந்த புள்ளியே அச்சிகரத்தின் ஆதாரக் கணவாய். சிகரத்தின் உயரத்திலிருந்து கணவாயின் உயரத்தைக் கழித்தால் கிடைப்பது புடைப்பு. மழைக்காலம் முடிந்த காலை வேளைகளில், சமவெளியிலிருந்து எழும் மேகம் பள்ளத்தாக்குகளை நிரப்பி முடிகளைத் தீவுகளாக்குவதைக் குன்னூர்க்காரர்கள் பார்த்திருப்பார்கள். மேகத்தின் மட்டம் உயர உயர, ஒரு முடி தன்னைவிட உயர்ந்த மற்ற எல்லா முடிகளிடமிருந்தும் எந்த மட்டத்தில் பிரிந்து தனித்தீவாகிறதோ, அந்த மட்டம்தான் அதன் கணவாய்.

தொட்டபெட்டாவின் கணக்கு எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. அதன் உயரம் 2,637 மீட்டர். புடைப்பு ஏறத்தாழ 2,250 மீட்டர். தென்னிந்தியாவில் அதைவிட உயர்ந்த நிலத்தைத் தேடினால் 130 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே, ஆனைமுடிப் பக்கம்தான் போகவேண்டும். நடுவில் பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. பாலக்காட்டுக் கணவாயின் தரை பல இடங்களில் 150 மீட்டருக்கும் தாழ்வாக இருக்கும்போது, தொட்டபெட்டாவின் ஆதாரக் கணவாய் மட்டும் ஏன் ஏறத்தாழ 380 மீட்டரில் அமைகிறது என்று கேட்கலாம். நாம் தேடுவது பள்ளத்தின் அடியை அன்று. பள்ளத்தைக் கடக்கும் மிக உயர்ந்த பாதையைத் தேடுகிறோம். அந்தப் பாதை மேற்கே பாயும் பாரதப்புழையின் நீரையும் கிழக்கே காவிரிக்குப் போகும் நொய்யலின் நீரையும் பிரிக்கும் மேட்டின் வழியே, கோவைச் சமவெளியைத் தொட்டுக்கொண்டு செல்கிறது. கார் ஓட்டிச் செல்பவருக்கு மேடு என்றே தெரியாத அந்த நிலம்தான் நீலகிரியின் தலைச்சிகரத்துக்கு அளவு சொல்கிறது.

இதோடு மீசைப்புலிமலையை ஒப்பிட வேண்டும். அது 2,640 மீட்டர். தொட்டபெட்டாவைவிட மூன்று மீட்டர் உயர்வு. உயர வரிசை இந்த மூன்று மீட்டரைத்தான் பார்க்கும். ஆனால் மீசைப்புலிமலையிலிருந்து ஆனைமுடிக்குப் போக, ஆறுகள் கூடும் பள்ளத்தில் இருக்கும் மூணாறு நகரம் வரைகூட இறங்க வேண்டியதில்லை. ஆற்றுத் தலைப்புகளைச் சுற்றி மேட்டின் வழியாகவே போய்விடலாம். மூணாறே ஏறத்தாழ 1,500 மீட்டரில் இருப்பதால், கணவாய் அதற்கும் நன்றாக மேலே இருந்தாக வேண்டும். ஆகவே மீசைப்புலிமலையின் புடைப்பு தொட்டபெட்டாவினுடையதில் பாதிகூடத் தேறாது.

புடைப்பு 1,500 மீட்டரைத் தாண்டும் சிகரங்களை உலகெங்கும் அல்ட்ரா என்று தனி வகையாக வைக்கிறார்கள். ஆனைமுடியும் தொட்டபெட்டாவும் அதில் சேர்ந்தவை. உலகின் நான்காவது உயரமான சிகரமான லோட்சே சேராது. 8,516 மீட்டர் உயரமிருந்தும், எவரெஸ்ட்டோடு தெற்குக் கணவாயால் இணைந்திருப்பதால் அதன் புடைப்பு 610 மீட்டர்தான். புடைப்பை உயரத்தால் வகுத்துப் பார்ப்பதும் ஒரு வழி: லோட்சேக்கு 7 விழுக்காடு, கே-2 சிகரத்துக்கு 47, தொட்டபெட்டாவுக்கு 85.

சிகரங்களைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றாக ஏறி முடிக்கும் பழக்கம் வலுப்பெற்றது ஸ்காட்லாந்தில். 1891-இல் ஹியூ மன்றோ 3,000 அடிக்கு மேற்பட்ட சிகரங்களை அட்டவணைப்படுத்தினார். (சென்னையில் குதிரைமேல் சிலையாக இருக்கும் தாமஸ் மன்றோ வேறொருவர்.) எது தனி மலை, எது துணை முடி என்பதற்கு அவர் எண்ணால் விதி வகுக்கவில்லை, தம் மதிப்பீட்டையே நம்பினார். பின்னால் வந்த கார்பெட் 2,500 முதல் 3,000 அடி வரையிலான மலைகளுக்கு 500 அடி இறக்கம் வேண்டும் என்று வைத்துக்கொண்டார். 1992-இல் ஆலன் டாசன், உயரத்தை முற்றிலும் ஒதுக்கிவிட்டு, 150 மீட்டர் புடைப்பு ஒன்றையே விதியாக்கி ‘மரிலின்’ பட்டியலை வெளியிட்டார். உயர எல்லையில் நிற்கும் மலைகளின் நிலை எவ்வளவு நிலையற்றது என்பதற்கு ஒரு சான்று: 2009-இல் மறுபடி அளந்தபோது 913.43 மீட்டர் என்று தெரிந்ததால், 914.4 மீட்டர் வரம்புக்கு ஒரு மீட்டர் குறைவு என்று ஒரு மலை மன்றோ பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

நீலகிரிக்கு நான் ஏற்பது டாசனின் வழியை. 30 மீட்டர் போதும் என்றால் குந்தா புல்வெளியின் மேடுகள் ஒவ்வொன்றும் சிகரமாகிவிடும். 300 என்றால் பீடபூமியின் மேலுள்ள பல நல்ல மலைகள் விழுந்துவிடும். 150 மீட்டர் புடைப்புள்ளவை முதல் வரிசை, 50 முதல் 150 வரை துணை முடிகள் என்று பிரித்தால் இங்குள்ள நிலத்துக்குப் பொருந்துகிறது. ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: புடைப்பு மலையின் தன்மையை அளக்கிறது, ஏறுபவரின் உழைப்பை அளப்பதில்லை. தொட்டபெட்டாவின் உச்சி வரை வண்டி போகிறது.

அளப்பதில்தான் உண்மையான சிக்கல். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடங்களில் சமவுயரக் கோடுகள் 20 மீட்டர் இடைவெளியில் வருகின்றன. சிகரங்களுக்கு எண் போட்டிருப்பார்கள், கணவாய்களுக்குப் பெரும்பாலும் போட்டிருக்கமாட்டார்கள். எனவே கணவாயின் உயரத்தில் 20 மீட்டர் வரை பிழை வரலாம். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ரேடார் கொண்டு எடுத்த உயரத் தரவு இன்று எல்லோருக்கும் கிடைக்கிறது என்றாலும், அந்த ரேடார் அலை தரையைத் தொடுவதற்கு முன் மரங்களின் தலைப்பிலேயே பெரும்பாலும் திரும்பிவிடுகிறது. நம் மலைகளில் முடிகள் புல்லாகவும் அவற்றின் இடைப்பள்ளங்கள் சோலையாகவும் இருப்பது வழக்கம்; சீகையும் கற்பூர மரமும் நட்ட இடங்களும் சேர்ந்துகொள்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் கணவாயின் உயரம் மரத்தின் அளவுக்குக் கூடியும், சிகரத்தின் உயரம் உள்ளபடியும் பதிவாகும். புடைப்பு உண்மையைவிடக் குறைந்து தெரியும். கணினி கொண்டு எடுக்கப்படும் உலகப் பட்டியல்களில் நீலகிரியின் நடுத்தர மலைகள் விடுபட இது ஒரு காரணமாகலாம்.

பட்டியலில் இருப்பதெல்லாம் ஏறுவதற்கு உரியவை என்று கொள்ளக்கூடாது. 2,554 மீட்டர் உயரமுள்ள முக்கூர்த்திச் சிகரம் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. வனத்துறையின் அனுமதி இல்லாமல் உள்ளே போவது குற்றம். வரையாடு வாழும் புல்வெளி அது. தோடர்களுக்குப் புனிதமான மலைகளும் உள்ளன. இவற்றைப் பட்டியலில் முழு மதிப்போடு எழுதி, ஏறியதற்கான குறியிடும் கட்டத்தை வெறுமையாகவே விடவேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

அனுமதியின்றி நுழையக்கூடாத சிகரங்கள் பலவற்றின் கணவாய்களில் பொதுச்சாலை ஓடுகிறது என்பது நமக்கு வாய்ப்பான செய்தி. மேட்டைத் தாண்ட வேண்டிய சாலை தாழ்ந்த இடத்தைத்தான் தேடும். வரைபடத்தில் எண்ணுள்ள ஓர் இடத்தில் காற்றழுத்த உயரமானியைச் சரிசெய்துகொண்டு, கணவாயில் அளந்து, உடனே திரும்பிப் பழைய இடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். இவ்வளவு உயரத்தில் காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் மாறினாலே ஏறத்தாழ 10 மீட்டர் பிழை வந்துவிடும் என்பதால், மேகம் திரண்டு வரும் பிற்பகலைத் தவிர்த்துக் காலையில் அளப்பது நல்லது. கைப்பேசியின் ஜிபிஎஸ் உயரத்தில் காட்டும் பிழை கிடைமட்டப் பிழையைவிட அதிகம். அதை மட்டும் நம்பி ஒரு மலையைச் சேர்க்கவோ நீக்கவோ கூடாது. புடைப்பு 140-க்கும் 160-க்கும் இடையில் வரும் மலைகளுக்கு இந்த வேலையை முதலில் செய்துவிட்டால், மற்றவற்றை வரைபடத்திலேயே முடித்துவிடலாம்.