கழுத்துப்பட்டி லேபிள்

ஆகஸ்ட் 3, 2025 – ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. அப்புச்சியைக் கூட்டிக்கொண்டு ஓடாநிலை போனேன். தீரன் சின்னமலை மணிமண்டபத்துக்குள் நுழைய முடியவில்லை, அவ்வளவு கூட்டம், அத்தனை நிறக் கரைவேட்டி. கரும்புச்சாறு குடித்துவிட்டுத் திரும்பினோம்.

வழியில் அந்தப் பழைய கதையை எடுத்தார். மைசூருக்குப் போன வரிப்பணத்தைப் பிடுங்கிக்கொண்டு, 'சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவுல ஒரு சின்னமலை பிடுங்கிட்டான்னு போய்ச் சொல்லு' என்றாராம். அதே ஆள் பிற்பாடு திப்புவோடு சேர்ந்து கும்பினிக்காரனை எதிர்த்தார். 1805இல் சங்ககிரியில் தூக்கு. வரி கேட்டபோது மைசூர் அந்நியம், வெள்ளைக்காரன் வந்ததும் கூட்டாளி.

1979இல் ஈரோடு தனி மாவட்டம், 2009இல் திருப்பூரும். அப்புச்சிக்கு இன்னும் எல்லாமே கோயமுத்தூர் ஜில்லாதான். 1956இல் கொள்ளேகாலம் மைசூரோடு போனதை மட்டும், சொந்தக் காட்டை எழுதிக் கொடுத்த மாதிரி சொல்வார்.

ஆகஸ்ட் 7 – வியாழன்

இன்றிலிருந்து அமெரிக்காவில் இந்தியச் சரக்குக்கு 25 சதவீத வரி. 27ஆம் தேதியிலிருந்து இன்னொரு 25. ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்கியதற்காம். எங்கள் தையல் யூனிட்டில் எண்ணெய் என்றால் ஓவர்லாக் மெஷினுக்கு விடுவதுதான்.

மதியமே ஆர்டர் கொடுத்த கம்பெனியிலிருந்து போன். "தைச்ச வரைக்கும் அனுப்புங்க, மீதிய நிறுத்துங்க." கட்டிங் முடிந்த பீஸெல்லாம் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது.

லேபிள் சுருளை எடுத்து உள்ளே வைத்தேன். கட்டைவிரல் அகலத் துணியில் 'மேட் இன் இந்தியா'. பன்னிரண்டு வருடமாகக் கழுத்துப்பட்டியில் வைத்துத் தைக்கிறோம், திருப்பூர் என்று ஒரு எழுத்து அதில் வந்ததில்லை. குறையாகச் சொல்லவில்லை. அந்தப் பெயரில்தான் சரக்கு போகிறது. வரியும் அந்தப் பெயருக்குத்தான்.

ஆகஸ்ட் 10 – ஞாயிறு

விருந்தில் மச்சான் மறுபடி தனி மாநிலப் பேச்சை எடுத்தார். 2021 ஜூலையில் ஒன்றிய அமைச்சர் ஒருவரின் அறிமுகக் குறிப்பில் 'கொங்கு நாடு' என்று வந்தபோது கிளம்பியது, இன்னும் அடங்கவில்லை. தெலங்கானா வாங்கினார்களே, நமக்கென்ன என்கிறார். சரி, தலைநகர் கோவையா ஈரோடா என்று கேட்டேன். சாப்பாடு முடியும்வரை அவருக்கும் கோவைச் சம்பந்திக்கும் அந்தச் சண்டைதான்.

ஆகஸ்ட் 14 – வியாழன்

நான்கு பேரை நிறுத்தவேண்டி வந்தது. நாலு பேரும் ஒடிசாப் பையன்கள். உள்ளூர் ஆளை நிறுத்தினால் ஊரில் முகம் பார்க்க முடியாது, அதுதான் காரணம். செக்கிங் அக்கா என்னோடு பேசவில்லை. அவர்களில் சின்னவன், "சரிங்ணா, எப்ப வரட்டுங்ணா?" என்றான். சென்னையில் ஒருத்தர் என் 'ங்ணா'வைக் கேட்டுச் சிரித்தபோது எனக்குச் சுருக்கென்றது. இவன் வந்த புதிதில் அதையே சொன்னபோது நானும்தான் சிரித்தேன்.

ஆகஸ்ட் 15 – வெள்ளி

ஸ்டேஷன் பக்கம் குமரன் நினைவகத்தில் மாலை, மைக், மிட்டாய். 1932இல் அவர் விடாமல் பிடித்த கொடியில் சக்கரம் இல்லை, ராட்டை இருந்தது. நூல் நூற்கிற ஊருக்குப் பொருத்தமான கொடி.

சாயங்காலம் ரயிலிலிருந்து சின்னவன் போன். "ஒன்றரை ஷிப்ட் பாக்கி இருக்குதுங்ணா." சம்பள நோட்டை எடுத்துப் பார்த்தேன். இரண்டு வருடமாக அவன் கணக்கு 'ஒடிசா – 2' என்ற தலைப்பில்தான் இருக்கிறது.